புதூர் கிளைக்கு இரண்டு லைன்

கோவில்பட்டி,
6 பிப்ரவரி 2025.

கர்த்தருக்குள் அன்பான தம்பி சாம்ராஜுக்கு,

மதினி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். நீயும் சபிதாவும் ஆஸ்லினும் கோயம்புத்தூரில் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். நீயும் எங்களுக்காக ஜெபிக்கிறாயோ என்னவோ, இரண்டு வரி எழுதிப் போடத்தான் உனக்கு நேரமில்லை.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போன கிறிஸ்துமஸுக்குப் போனில்தான் பேசினோம். மூன்றாவது நிமிடம் நான் அழுதேன், நான்காவது நிமிடம் நீ வைத்துவிட்டாய். எழுதினால் என்னை நடுவில் நிறுத்த உன்னால் முடியாதல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இருந்தபோது நம் பரிசோதனை நிலையம் கோவில்பட்டி, கழுகுமலை, புதூர் என்று மூன்று இடத்தில்தான் இருந்தது. இப்போது குளத்தூரிலும் ஒன்று திறந்திருக்கிறோம். நான்கிலும் ரத்தம் எடுக்கிறோம், ஈசிஜி எடுக்கிறோம். டாக்டர் இராமச்சந்திரன் கோவில்பட்டியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கணினியில் பார்த்துச் சொல்கிறார். ஆனால் இந்த நான்கு இடத்தையும் சேர்க்கிற இணைய லைன் வாரத்துக்கு ஒரு தடவையாவது காலை வாரிவிடுகிறது. பழைய ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது. புதிதாக மூன்று கம்பெனிக்காரர்கள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்து போனார்கள். அதில் ஒருவர், ஒரு முழுப்படம் எத்தனை வினாடியில் இறங்கும் என்று கணக்குச் சொன்னார். நான் இங்கே தியேட்டரா நடத்துகிறேன்? எதைக் கேட்டு எதை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு அதுதானே வேலை.

உன் அண்ணனிடம் லைன் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். ஏன் என்று உனக்கும் எனக்கும் தெரியும். வருகிற மே மாதம் வந்தால் மூன்று வருடம். புதூரில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று, நம் நர்ஸ் முத்துசெல்வி ஈசிஜி எடுத்து ஐம்பது நிமிடம் அனுப்பிப் பார்த்தாள். போகவில்லை. செல்போனிலும் டாக்டர் கிடைக்கவில்லை. அவர் சொல்லாமல் மருந்து கொடுக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. கடைசியில் காரில் ஏற்றினோம், பாதி வழியில் மாமா போய்விட்டார். மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் ஊரே நிற்கும்போது, "நீ போட்ட லைன்தாம்லே எங்கப்பாவக் கொன்னுச்சு" என்றார் உன் அண்ணன். அவர் உனக்கும் அப்பாதான் என்று அன்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வாரம் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய்.

எனக்கு நல்ல லைன் வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவும் வேண்டும். முதலாவதை நீ எழுதி அனுப்பு, இரண்டாவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்மேல் வருத்தம் குறையாத மதினி,
ஜெயகுமாரி

*

கோயம்புத்தூர்,
13 பிப்ரவரி 2025.

அன்புள்ள மதினிக்கு,

தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் நின்று கையெழுத்து வாங்கிப்போனதைப் பார்த்து ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று சபிதா பயந்துவிட்டாள்.

என்னிடம் கேட்டது அண்ணனுக்குத் தெரியவேண்டாம். தெரிந்தால் நான் சொன்னதற்காகவே வேறு ஏதாவது எடுப்பார்.

வேகத்தைக் கடைசியில் கேளுங்கள். ஒரு ஈசிஜி ஒரு போட்டோ அளவுதான், அதற்குப் பெரிய வேகம் தேவையில்லை. முதலில் இதைக் கேளுங்கள்: லைன் எந்த வழியாக நம் கட்டடத்துக்குள் வருகிறது? அறுந்தால் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில்? அதை ஒப்பந்தத்தில் எழுதித் தருவார்களா? "இருபத்துநாலு மணி நேர சேவை" என்றால் இருபத்துநாலு மணி நேரமும் போனை எடுப்பார்கள் என்றுதான் அர்த்தம். சரிசெய்வார்கள் என்று அதில் இல்லை.

நான்கு இடத்துக்கும் ஒரே வைத்தியம் சரிப்படாது. குளத்தூரில் உப்பளக் காற்று; வெளியே தெரிகிற இணைப்பெல்லாம் ஆறு மாதத்தில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும், மூடிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். கழுகுமலையில் நம் கட்டடத்துக்கும் டவருக்கும் நடுவில் மலை இருக்கிறது, அங்கே காற்றில் வரும் இணைப்பை நம்பவேண்டாம். கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். புதைத்த வயரை இழுத்து இழுத்தே இணைப்பை விட்டுப்போகச் செய்யும். கம்பத்தில் வருவது அசிங்கமாகத் தெரிந்தாலும் நம் ஊருக்கு அதுதான் மேல். எல்லாப் பெட்டிக்கும் பேட்டரி வேண்டும். கரண்டு போனதும் பெட்டி அணைந்துவிட்டால் லைன் நன்றாக இருந்தும் பயனில்லை.

கடைசியாக ஒன்று. 2020இல் புதூருக்கு இரண்டு கம்பெனியின் லைன் போட்டேன். "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்ண்ணே" என்று அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தேன். அன்றைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் போயின. ஏன் என்று எத்தனையோ தடவை எழுதிக் கேட்டேன். "தடங்கல் சரிசெய்யப்பட்டது" என்று இரண்டு கம்பெனியும் ஒரே பதிலைத்தான் அனுப்பின. இன்றுவரை எனக்குக் காரணம் தெரியாது. மதினி, காரணம் தெரியாமல் பழியைச் சுமப்பது என்ன பாடு என்று எனக்குத்தான் தெரியும்.

ஆகவே யாரையாவது ஒவ்வொரு லைனோடும் கம்பம் கம்பமாக நடக்கச் சொல்லி, ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். லைன் போன தேதி, நேரம் எழுதிவைத்திருந்தால் அதையும் அனுப்புங்கள்.

சாம்ராஜ்

*

கோவில்பட்டி,
2 மார்ச் 2025.

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

யாரையாவது நடக்கச் சொல் என்று சுலபமாக எழுதிவிட்டாய். இந்த வெயிலில் எவர் நடப்பார்? நானே நடந்தேன். ஐம்பத்து மூன்று வயதில் குடையைப் பிடித்துக்கொண்டு கம்பத்தை அண்ணாந்து பார்த்தபடி போனால் ஊர் என்ன நினைக்கும்? கழுகுமலையில் ஒருவர் என்னை மின்வாரிய அதிகாரி என்று நினைத்து மனுவே கொடுத்துவிட்டார். வாங்கி வைத்திருக்கிறேன்.

நீ சொன்னபடியே குளத்தூரில் இணைப்பெல்லாம் பச்சைபிடித்துப் போயிருக்கிறது. கம்பெனிக்காரர்கள் மூவரிடமும் உன் கேள்விகளைக் கேட்டேன். படக்கணக்குச் சொன்னவர், "மேடம், அதெல்லாம் டெக்னிக்கல்" என்று சிரித்தார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்னொருவர் மேலிடத்தில் கேட்கவேண்டும் என்றார். மூன்றாவது கம்பெனியில் ஒரு எஞ்சினியர் பெண், இந்துஜா என்று பெயர், அவளே என்னோடு இரண்டு நாள் நடந்தாள். ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்து தருவதாக எழுதித் தரவும் சம்மதித்தாள். வேகம் மற்றவர்களில் பாதிதான்.

புதூருக்குப் பழைய கம்பெனி லைன்மேன் கடற்கரை என்பவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு லைன் வடக்கு ரோட்டில் வருகிறது, இன்னொன்று கிழக்கு ரோட்டில் வருகிறது. இரண்டும் நம் சபைக் கோயில் மூலைவரை தனித்தனியாகத்தான் வருகின்றன. அங்கே இரண்டும் கம்பத்தை விட்டு இறங்கி, கோயில் காலியிடத்தின் மேற்குச் சுவர் ஓரமாக மண்ணுக்குள் போய், அறுபதடி தள்ளி நம் கிளைக்குப் பின்னால் ஏறுகின்றன. "ரெண்டும் ஒரே பள்ளத்துலயா போகுது?" என்றேன். "ஒரு கம்பெனி தோண்டுனதுல இன்னொரு கம்பெனி வாடகைக்குப் போட்டுக்கிட்டான் அம்மா. செல்போன் டவருக்குப் போறதும் இதுலதான் கெடக்கு" என்றார் கடற்கரை. வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

படம் வைத்திருக்கிறேன். கோடு கோணலாக இருந்தால் சிரிக்காதே. முத்துசெல்வி லைன் போகும் நேரமெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறாள், அதன் நகலும் இருக்கிறது.

மே மாதம் நம் கோயில் அசன விருந்து வருகிறது. முன்பெல்லாம் உன் அண்ணன்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பார். இப்போது அசனக் கமிட்டியிலும் இல்லை, பந்தியில் உட்காருவதும் இல்லை. ஊரெல்லாம் கோயிலில் ஒன்றாகச் சாப்பிடும்போது இவர் காலையிலிருந்து மாலைவரை நம் புதூர் கிளை வாசலில் காரை நிறுத்தி, அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருடமும் அப்படித்தான். மாமா நினைவு என்று நானும் விட்டுவிட்டேன். நீ வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் இறங்கி வருவாரோ என்று தோன்றுகிறது.

மதினி,
ஜெயகுமாரி

*

கோயம்புத்தூர்,
9 மார்ச் 2025.

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் படத்தில் கோடு கோணல்தான், ஆனால் எங்கள் கம்பெனி போடும் படத்தைவிட அதில் உண்மை அதிகம்.

முத்துசெல்வியின் நோட்டை மூன்று தடவை படித்தேன். மற்ற நாட்களில் ஒரு லைன் போயிருக்கும், இன்னொன்று இருக்கும். இரண்டும் சேர்ந்து போனது மூன்றே நாட்கள். அப்பா போன 14 மே 2022, காலை 10.22. 13 மே 2023, காலை 10.15. 11 மே 2024, காலை 10.31. மூன்றும் மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை.

மூன்றும் அசன நாள், மதினி.

காலையில் ஜெபம் முடிந்து பத்து மணிக்கு மேல்தானே அடுப்புப் பள்ளம் வெட்டுவோம்? முப்பது அண்டா வரிசையாக ஏற்றுகிற நீளப் பள்ளம். அதை மேற்குச் சுவர் ஓரம் வெட்டினால் இந்த வயர்கள்மேல்தான் விழும். டவருக்குப் போகும் வயரும் அங்கேயே கிடப்பதால் செல்போனும் செத்திருக்கும். முத்துசெல்வி போனிலும் டாக்டரைப் பிடிக்க முடியாமல் போனது அதனால்தான்.

ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அடுப்பு கிழக்கே, கிணற்றுப் பக்கம்தான். மேற்கே எப்போது மாற்றினார்கள்? தயவுசெய்து விசாரித்து எழுதுங்கள்.

சாம்ராஜ்

*

கோவில்பட்டி,
23 மார்ச் 2025.

அன்புத் தம்பி சாம்ராஜுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முத்துசெல்வியிடம் கேட்டேன். "2022லதான் மாத்துனாங்க அம்மா. முந்தின வருசங்கள்ல பொகை கோயிலுக்குள்ள வந்து வயசானவங்க இருமுனாங்கன்னு, அந்த வருசம் மேற்க போட்டுப் பாப்போம்னு முடிவு பண்ணாங்க. நம்ம பெரிய அண்ணாச்சிதான் சுண்ணாம்புப் பொடியால கோடு போட்டாவ. ஒங்களுக்கு மறந்துபோச்சா?" என்றாள். நான் அன்று கறி நறுக்குகிற பெண்களோடு இருந்தேன், கோடு போட்டதைப் பார்க்கவில்லை.

பெரிய அண்ணாச்சி என்று அவள் சொல்வது உன் அண்ணனைத்தான்; அந்த வருடம் அசனக் கமிட்டிச் செயலாளர் அவர். குருவானவர் ஜெபித்து முடித்ததும் முதல் வெட்டு செயலாளர் வெட்டவேண்டும் என்பது உனக்குத் தெரியாததல்ல. கடப்பாரையை ஓங்கிப் போட்டவர் அவர்தான். அதற்குப் பிறகு கால்மணி நேரத்தில் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நம் கிளைக்கு நடந்து போயிருக்கிறார். வெட்டினவருக்குக் கீழே என்ன கிடந்தது என்று தெரியாது. தெரிந்திருந்தால் வெட்டியிருக்கமாட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? அப்பாவுக்குச் சோறு ஊட்டிவிட்ட பிள்ளை அவர். சொல்லாமல் இருந்தால் நீ இன்னும் மூன்று வருடம், முப்பது வருடம் அங்கேயே கிடப்பாய். இரண்டு பேரில் யாரை நோகடிப்பது என்று மதினியிடம் விட்டுவிட்டீர்கள். எனக்கு அழுகை அழுகையாக வருகிறது, கோபமும் வருகிறது. நீ என்ன சொல்கிறாய்?

ஜெயகுமாரி

*

கோயம்புத்தூர்,
30 மார்ச் 2025.

அன்புள்ள மதினிக்கு,

அண்ணனிடம் சொல்லவேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது முதலில் ஒரு விடுதலை வந்தது, பொய் சொல்லமாட்டேன். சபிதாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்தான் அது இருந்தது. பிறகு அண்ணனை நினைத்தேன். எனக்கு இது பழகிவிட்டது. அவரால் தாங்கமுடியாது.

நானும் சுத்தமானவன் இல்லை. அன்று காலை கோவில்பட்டி ஆபீசில் இருந்தேன். 10.23க்கு என் போனில் எச்சரிக்கைச் செய்தி வந்தது, "புதூர் இரண்டு லைனும் இல்லை" என்று. பார்த்தேன். அசனத்துக்கு ஒலிபெருக்கி கட்டக் கரண்டை நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்து போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கம்பெனிப் பெயர் இரண்டு என்றால் பாதையும் இரண்டு என்று நம்பி, ஒரு நாள்கூட நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அண்ணன் சொன்னது முழுப் பொய் இல்லை.

இனி ஆகவேண்டியதைப் பார்ப்போம். உங்களோடு நடந்த இந்துஜாவின் கம்பெனியையே நான்கு இடத்துக்கும் முதல் லைனாக எடுங்கள். புதூருக்கு அது வடக்கு ரோட்டுக் கம்பங்களிலேயே வந்து நம் முன்சுவரில் இறங்கட்டும், மண்ணைத் தொடக்கூடாது. இரண்டாவது, வேறொரு கம்பெனியிடம் மொட்டைமாடியில் ஆன்டெனாத் தட்டு வைத்து, விளாத்திகுளம் பக்கத்து டவரிலிருந்து காற்றில் வருவது. ஒன்று போனதும் மற்றதுக்குத் தானாக மாறுகிற பெட்டி வேண்டும். மாதம் ஒரு தடவை முதல் லைனை நீங்களாகவே பிடுங்கிப் பாருங்கள். சோதித்துப் பார்க்காத இரண்டாவது லைனை நம்பக்கூடாது. எச்சரிக்கைச் செய்தி இரண்டு பேருக்குப் போகட்டும், இரண்டு பேரும் போன் செய்து விசாரிக்கட்டும்.

எல்லாம் போனாலும் போகும். அதற்கு டாக்டரிடம் ஒரு தாள் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் ஈசிஜி போகவில்லை என்றால், எந்த மருந்தைக் கொடுத்து எந்த வண்டியைக் கூப்பிடவேண்டும் என்று. ஐந்து நிமிடத்துக்குமேல் முத்துசெல்வி அனுப்பிக்கொண்டே உட்காரக்கூடாது.

புதூருக்கு மட்டும் படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன், திட்டத்தை முழுதாக எழுதிப் பிறகு அனுப்புகிறேன். அண்ணனிடம் சொல்லவேண்டாம்.

சாம்ராஜ்

*

கோவில்பட்டி,
12 ஏப்ரல் 2025.

அன்புத் தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அவரை உட்காரவைத்து நீ அனுப்பிய புதூர் படத்தை மேசையில் விரித்தேன். பார்த்த உடனே, "இது சாம்ராசு கையெழுத்துல்லா" என்றார். ஆமாம் என்றேன். ஏன் அவனிடம் கேட்டாய் என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நான் மேற்குச் சுவரில் விரலை வைத்தேன். "இங்கனதான்..." என்று தொடங்கும்போதே, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நாந்தான் வெட்டுனேன். அடக்கம் முடிஞ்சி மூணாம் நாளு கடற்கரை சரிபண்ண வந்தான். சாம்பலத் தள்ளிட்டு வயர எடுத்து எங் கையிலயே குடுத்தான். எல்லாம் ஒரே வெட்டுல அறுந்து கெடந்துச்சு. யார்ட்டயும் சொல்லாதலேன்னு அவன அனுப்பிட்டேன்."

"அப்பவே தம்பிட்டச் சொல்லிருக்கலாமுல்லா? அவன் ஊர விட்டுப் போகுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கே!"

"அதுக்குள்ள ஊருக்கு முன்னால அவனச் சொல்லிட்டேனே ஜெயா. அத எடுத்தா எம்மேலல்லா விழும். நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு பாத்தேன். அவன் போயிட்டான். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுதது?"

அசனத்தன்று காரில் ஏன் உட்கார்ந்திருந்தார் என்றும் சொன்னார். பள்ளம் அதே இடத்தில்தான் வெட்டுவார்கள், லைன் போகும் என்று அவருக்குத் தெரியும். அதை மாற்றச் சொன்னால் காரணம் கேட்பார்கள். அதனால், யாருக்காவது ஏதாவது என்றால் தானே தூக்கிக்கொண்டு ஓட, வண்டியோடு வாசலில் காத்திருந்திருக்கிறார். நான் அதை மாமா நினைவு என்று நினைத்து பிளாஸ்கில் காபி கொடுத்து அனுப்பினேன்.

தம்பி, உன் மதினி அவரோடு பேசி ஆறு நாளாகிறது. சோற்றை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். அவரை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கே இன்னும் முடியவில்லை. உன்னிடம் மறைக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஜெயகுமாரி

*

கோயம்புத்தூர்,
20 ஏப்ரல் 2025.

மதினிக்கு,

ஈஸ்டர் ஆராதனைக்குப் போகாமல் இதை எழுதுகிறேன்.

தெரியாமல் வெட்டினார் என்றபோது அண்ணனுக்காக அழுதேன். தெரிந்தே மூன்று வருடம் இருந்தார் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. நான் பெட்டி கட்டியபோது அவர் முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், மதினி. நான் அந்த அறையைத் தாண்டித்தான் போனேன். ஒரு வார்த்தை போதுமே.

மூன்று வருடமாகச் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் நான் போவதில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குச் சபிதா மட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்து ஆஸ்லின் கேட்டாள்: "அப்பா, தாத்தா உங்களாலதான் செத்துப்போனாங்களா?" நான் ஆமாம் என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பாடத்தில் சந்தேகம்கூடக் கேட்பதில்லை.

திட்டம் முழுவதும் இத்துடன் இருக்கிறது, பதினொரு பக்கம். முத்துசெல்விக்கும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற யாரோ ஒருவருக்கும் அது வேண்டும் என்பதால் அனுப்புகிறேன். வேறு யாருக்காகவும் இல்லை. எஞ்சினியர் இந்துஜாவிடம் கொடுத்தால் அவர்களே செய்துவிடுவார்கள். எனக்கு இனிமேல் சில காலம் எழுதவேண்டாம். உங்கள்மேல் கோபம் இல்லை.

சாம்ராஜ்

*

கோவில்பட்டி,
12 மே 2025.

தம்பி சாம்ராஜுக்கு,

அண்ணன் பால்துரை எழுதுவது. ஜெயா எழுதக்கூடாது என்றுதானே சொன்னாய், அதனால் நான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நானே எழுதவேண்டியது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை.

முதலில் வேலை. உன் பதினொரு பக்கத்தில் உள்ளபடியே நான்கு கிளையிலும் முடிந்தது. புதூரில் கம்பம் நட்ட இரண்டு நாளும் கூடவே நின்றேன். வயர் எங்கும் மண்ணில் இறங்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறது. எச்சரிக்கைச் செய்தி இந்துஜாவுக்கும் எனக்கும் வரும்.

போன புதன்கிழமை சோதித்துப் பார்த்தோம். யாருடைய ஈசிஜியை அனுப்புவது என்று கேட்டார்கள். நான் படுத்தேன். அப்பாவைப் படுக்கவைத்த அதே கட்டில்தான், நாம் மாற்றவில்லை. முத்துசெல்வி எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, முதல் லைனைக் கையால் பிடுங்கிப்போட்டாள். நான் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நாற்பது வினாடியில் டாக்டரிடமிருந்து போன் வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. முத்துசெல்வி பயந்து இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

முந்தாநாள் அசனம். அடுப்பைப் பழையபடி கிழக்கே போடச் சொன்னேன். குருவானவரிடம் அனுமதி கேட்டு, பந்திக்கு முன் ஒலிபெருக்கியில் சொன்னேன். லைனை வெட்டினது நான், அது மூன்றாம் நாளே எனக்குத் தெரியும், தெரிந்தும் தம்பிமேல் போட்ட பழியை எடுக்கவில்லை என்று. இந்த மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். பெரியவர்கள் சிலர் எழுந்து போய்விட்டார்கள், போகட்டும். ஜெயா இரவு, "சாப்பிடுங்க" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

எச்சரிக்கைச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டாய் என்று எழுதியிருந்தாய். உன் கடிதமெல்லாம் ஜெயா என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அதை இனி யோசிக்காதே. உனக்கு வந்தது பத்து மணி இருபத்து மூன்று நிமிடத்துக்கு. நான் வெட்டினது அதற்கு முன்.

நீ வரவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. நீ பெட்டி எடுத்துப் போனபோது நான் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளில் ஒரு எழுத்துகூட என் கண்ணில் படவில்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இத்துடன் இன்னொரு தாள் இருக்கிறது. அது பிள்ளைக்கு. நீ முதலில் படி. கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம்.

அண்ணன்,
பால்துரை

*

ஆஸ்லின் பாப்பாவுக்கு,

நான் கோவில்பட்டி பெரியப்பா. உனக்கு என் முகம் மறந்திருக்கும்.

தாத்தாவுக்கு நெஞ்சு வலித்த அன்று டாக்டருக்குச் செய்தி போவதற்கு உன் அப்பா லைன் போட்டு வைத்திருந்தார். பெரியப்பா அடுப்புக்குக் குழி தோண்டும்போது தெரியாமல் அதை வெட்டிவிட்டேன். பிறகு அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் உன் அப்பாதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கும்படி விட்டுவிட்டேன். பெரிய ஆள்கூட இப்படித் தப்புச் செய்வார்கள். நான் செய்தேன்.

நீ அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டாய் அல்லவா? அப்பா சொன்ன பதில் சரியில்லை. அந்தக் கேள்வியைப் பெரியப்பாவிடம் கேட்டிருக்கவேண்டும். நான் ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.

கணக்கில் சந்தேகம் வந்தால் உன் அப்பாவிடம் கேள். சின்ன வயதில் எனக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

பெரியப்பா